பகலில் பிரசங்கம், இரவில் கூத்து



மாமல்லபுரத்தில் நாம் நடத்தவிருக்கும் மண்டல நூலக மாநாட்டுக்கு யார் யாரைப் பேச அழைப்பது, மாலையில் என்ன கலைநிகழ்ச்சி வைப்பது என்று முடிவு செய்யக் கூடியிருக்கிறோம். கட்டடம், நிதி, பணியிடம் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, இதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். அதற்கு நான் உடன்படவில்லை. மாநாட்டில் யார் பேசினார், பேச்சைக் கேட்டவர்கள் அதன்பின் என்ன செய்தார்கள் என்பதில்தான் நம் நூலக இயக்கத்தின் வரலாறே இருக்கிறது.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அதையொட்டி அனைத்திந்திய நூலக மாநாடும் நடந்தது. அந்த மாநாட்டின் சூடு தணிவதற்குள், 1928-ல், சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அதன் செயலாளரானார். அதே ஆண்டு டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடந்த கல்வி மாநாட்டில் அவர் பேச வந்தார். நூலகவியல் படிக்கிற பிள்ளைகள் முதல் பாடமாகப் படிக்கும் ஐந்து விதிகள் இருக்கின்றனவே, அவை புத்தகமாக வந்தது 1931-ல். ஆனால் பொதுமேடையில் அவற்றை அவர் முதலில் விளக்கியது அந்தச் சிதம்பரம் மாநாட்டில்! எண்ணிப் பாருங்கள். பேச வந்த ஒருவரின் சொற்பொழிவு, உலகத்து நூலகங்களுக்கெல்லாம் இலக்கணமாயிற்று. புத்தகம் வந்த அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டார். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான்.

நம் செங்கல்பட்டுக்கும் மாநாட்டுப் பெருமை உண்டு. 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில், டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில், சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு இந்த ஊரில்தான் கூடியது. பெயருக்குப் பின்னால் சாதியைச் சுமக்காதீர்கள் என்று சொன்ன மேடை அது. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். 60 ஆண்டு கழித்து, 1989-ல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. ஆகவே மேடைக்கு யாரை அழைப்பது என்பதைச் சின்ன வேலையாக யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, பேச்சையும் கலையையும் எப்படி அமைப்பது? இதற்கு நாம் வெளியூரில் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. தொண்டை மண்டலத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத உற்சவம் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். பத்து நாள், பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கும் மேல் நடக்கும். பகலில் பிரசங்கியார் அமர்ந்து பாரதம் வாசித்துப் பொருள் சொல்வார். வில்லிபுத்தூரார் எழுதிய பாட்டு, பள்ளிக்கூடமே போகாத கிழவிக்கும் புரிகிற மாதிரி இறங்கிவரும். பகலில் கேட்ட அதே கதை இரவில் கூத்தாக எழும். முகவீணையும் மிருதங்கமும் முழங்க, கட்டை கட்டி, முகத்துக்கு அரிதாரம் பூசி, துரியோதனன் திரை விலக்கி வருவான். விடியும் வரை ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். கடைசியில் படுகளம்: மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் கிடக்க, ஊரே சுற்றி நிற்கும்.

அங்கே பிரசங்கியார் தனி, கலைநிகழ்ச்சி தனி என்று இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் இருந்தது. கேட்டவர் பார்த்தார், பார்த்தவர் மறுநாள் கேட்க வந்தார். நம் மாநாடுகளில் என்ன நடக்கிறது? காலையில் கருத்துரை. மாலையில் அதற்குத் தொடர்பே இல்லாத ஆட்டம். கூத்துக் கலைஞர்கள் நான்கு மணிக்கே வந்து ஒப்பனையோடு காத்திருப்பார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிய இரவு ஒன்பதாகிவிடும். கடைசிப் பேருந்துக்கு ஆட்கள் ஓடிய பிறகு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் இருபது நிமிடம் ஆடச் சொல்வார்கள். அந்தக் கலைஞர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வலித்திருக்கிறது. இந்த மாநாட்டில் அப்படி நடக்கவே கூடாது.

கலைநிகழ்ச்சிக்கு இந்த மண்ணிலேயே எவ்வளவு இருக்கிறது! செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் குன்றில் ஒரு குடைவரை இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் கீழ் இருந்த கந்தசேனன் குடைவித்தது என்று அதன் கல்வெட்டு தமிழிலேயே சொல்கிறது. அந்த மகேந்திரவர்மன்தான் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதியவன். காஞ்சித் தெருவில் குடிபோதையில் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, புத்த பிக்குவோடு சண்டைக்கு நிற்கும் காபாலிகனின் கதை. எடுத்துக்கொண்டு போனது நாய்! 1,400 ஆண்டுக்கு முன் ஓர் அரசன் தன் காலத்துத் துறவிகளைப் பார்த்து இப்படிச் சிரித்திருக்கிறான். நம் கல்லூரி மாணவர்கள் இதைத் தமிழில் நடிக்கட்டும்.

பரதம் வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. மாமல்லபுரத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நாட்டிய விழா நடக்கிறது. பாறைச் சிற்பங்களின் முன் ஆடுவது அந்த ஊருக்குப் பழக்கம். ஒருநாள் அந்தக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு அமர்ந்திருந்தபோதுதான் கல்கியின் மனத்தில் ‘சிவகாமியின் சபதம்’ எழுந்தது. நாட்டியக்காரி சிவகாமியும் சிற்பி ஆயனரும் அந்த மணலில் பிறந்தவர்கள். நடனம் முடிந்து ஜனங்கள் எழும்போது, அந்த நாவல் வாசலில் நம் மேசைமேல் இருக்க வேண்டும். உறுப்பினர் அட்டை இல்லாதவருக்கு அங்கேயே உறுப்பினர் படிவம் கொடுங்கள். அங்கேயே புத்தகத்தையும் கொடுத்து அனுப்புங்கள்.

பேச்சாளர்கள் பற்றி இரண்டு வார்த்தை. பெயர்பெற்ற எழுத்தாளர் ஒருவர் வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் பக்கத்திலேயே இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் போடுகிற ஊசி மருந்துக்கு விஷம் தருகிறவர்கள் அவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள்; 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தத் தொழிலில் இருக்கும் ஓர் இருளர் பெரியவர் நம் மேடையில் அரைமணி நேரம் பேசட்டும். அவர் நெஞ்சில் இருப்பது எந்த அலமாரியிலும் முழுதாக இல்லை. கேட்டு எழுதி வைப்பது நூலகர்களின் வேலை. அதேபோல் மாமல்லபுரத்துக் கல்தச்சர் ஒருவர் உளியோடு வந்து, கல்லில் ஆண் கல், பெண் கல் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்லட்டும். குமரி முனையில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி, மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவர் எழுதிய நூல்கள் நம் மைய நூலகத்தில் இருக்கின்றனவா என்று மாநாட்டுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் வற்புறுத்திக் கேட்கிறேன். மாலை நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ், அடையாள அட்டை என்று கதவு போடாதீர்கள். வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி கட்டுகிற ஒவ்வொருவரும் நமக்குப் புரவலர். கொக்கிலமேட்டிலிருந்தும் தேவனேரியிலிருந்தும் மீனவக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து முன்வரிசையில் உட்காரட்டும்.

ஆகவே, செயலாளர் இவற்றைத் தீர்மானமாக எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். கூத்து மாலை ஆறரைக்குத் தொடங்க வேண்டும், வாழ்த்துரைகள் அதற்கு முன்பே முடிய வேண்டும். கலைஞர்களின் சம்பளத்தை மேடை ஏறும் முன் கையில் கொடுத்துவிட வேண்டும். பேச்சாளர் ஒவ்வொருவரிடமும், தாம் பேசும் பொருளுக்கு ஐந்து புத்தகங்களின் பெயரை ஒரு மாதம் முன்னதாகவே வாங்கிவிட வேண்டும். அவை மாவட்டத்தின் எந்தக் கிளையில் இருந்தாலும் அன்று மாமல்லபுரம் வந்து சேர வேண்டும். பகுதிநேர நூலகத்தில் தனியாளாக வேலை பார்க்கும் ஒரு நூலகரே தொடக்கவுரை ஆற்ற வேண்டும். அவர் யார் என்பதை இந்தக் கூட்டம் கலைவதற்குள் நீங்களே முன்மொழியுங்கள்.