ஐசிங் ரோஜா மலர வேண்டுமா?

பிறந்தநாள் கேக்கின் மேல் ஐசிங்கில் ரோஜாப்பூ போடப் பழகுகிறீர்களா? பூ சரியாக வரவில்லை என்றால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ஐசிங்கின் பதத்தைப் பாருங்கள்.

ஐசிங்கில் உள்ள பட்டர் இளகப் பெரிய சூடு வேண்டியதில்லை. நம் உடம்புச் சூடே போதும். ஐசிங் பையை வெகுநேரம் கையில் வைத்திருந்தாலே உள்ளே இளகிவிடும். ரிவஸ்டன் மலைக் குளிரில் நிமிர்ந்து நிற்கிற இதழ், தம்புள்ளை வெயிலில் சரிந்துவிடும். கை அதே கைதான். பதம்தான் வேறு.

கரண்டியில் கொஞ்சம் ஐசிங் எடுத்து நிமிர்த்துங்கள். நுனி வளையாமல் நின்றால் பதம் சரி. வளைந்தால் சற்று நேரம் பிரிட்ஜில் வையுங்கள். பையிலும் கொஞ்சம் கொஞ்சமாகவே நிரப்புங்கள்.

இனிப் பூவுக்கு வருவோம். இதழ் போடும் நொசிலின் வாய் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். அகன்ற பக்கம் கீழே இருக்கட்டும். ஒடுங்கிய பக்கம் மேலே. அப்போதுதான் அடி தடித்து, ஓரம் மெலிந்து இதழ் வரும். நடுவில் ஒரு மொட்டு. அதைச் சுற்றி மூன்று இதழ். அதற்கு வெளியே ஐந்து. கூரை ஓடு போல ஒன்றின் ஓரத்தில் மற்றொன்று ஏறி நிற்க வேண்டும்.

பழகுவதற்குக் கேக் தேவையில்லை. ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லையா? வழித்து மறுபடியும் பையில் போடுங்கள். ஐசிங் வீணாகாது.

மறந்துவிடாதீர்கள் நேயர்களே, முதலில் பதம், பிறகுதான் பூ.