ஊர் ஊராகச் செல்லும் விஞ்ஞான உபாத்தியாயர்



கிராமம் சீர்பட வேண்டுமானால் நல்ல விதை வேண்டும், நல்ல கிணறு வேண்டும், நல்ல பாட்டை வேண்டும் என்று யாவரும் சொல்வர். அவற்றோடு இன்னொன்றும் வேண்டும். எதையும் கண்ணால் பார்த்து, கையால் அளந்து, காரணம் கேட்டறியும் புத்தியே அது. அந்தப் புத்தியைப் பிள்ளைப் பிராயத்திலேயே விதைப்பதற்காக, சோதனைச் சாமான்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் செல்லும் தொழில் ஒன்று உண்டு. அத்தொழிலின் தன்மையும், அதனால் ஊராருக்கு உண்டாகும் பயனும் இங்கே எடுத்துரைக்கப்படும்.

சிறுவர்களுக்கு விஞ்ஞானத்தைச் செய்து காட்டும் வழக்கம் பழமையானது. லண்டன் மாநகரில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் ஸ்தாபனம் 1825-ம் வருஷம் முதல் கிறிஸ்துமஸ் காலப் பிரசங்கங்களை நடத்திவருகிறது. மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் அங்கே ஒரு மெழுகுவத்தியை முன்வைத்துக்கொண்டு, அது எரிவதன் இரகசியத்தைப் பல நாட்கள் விளக்கினார். ஆனால் அந்த மண்டபத்துக்குப் பிள்ளைகள்தாம் சென்றாக வேண்டும். மண்டபமே பிள்ளைகளைத் தேடி வருவது வேறு ஏற்பாடு. நமது தேசத்தில் கல்கத்தாவிலுள்ள பிர்லா தொழிற்கலைக் காட்சிசாலை 1965-ல் நடமாடும் விஞ்ஞானக் காட்சியை வண்டியில் ஏற்றிப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது.

திருச்சிராப்பள்ளிச் சீமைக்கு இவ்விஷயத்தில் தனி உரிமை உண்டு. ஸ்ரீரங்கத் தீவிலுள்ள திருவானைக்காவில்தான் 1888-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி ஸர் சி. வி. ராமன் பிறந்தார். ஒளி சிதறுவதைப் பற்றி அவர் 1928 பிப்ரவரி 28-ல் கண்டறிந்த உண்மைக்காக 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஜில்லாவில், காட்டூர் பாப்பாக்குறிச்சிப் பள்ளியொன்றில், 2022 நவம்பர் 28-ந் தேதி தமிழக அரசாங்கத்தின் ‘வானவில் மன்றம்’ தொடங்கிவைக்கப்பட்டது. மாகாணமெங்கும் 13,000-க்கு மேற்பட்ட அரசாங்கப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்டது அத்திட்டம். கருத்தாளர் என்று பெயர்பெற்ற ஊழியர்கள் சாமான்களுடன் இரு சக்கர வண்டிகளில் பள்ளிகளுக்குச் சென்று, பிள்ளைகளைக் கொண்டே சோதனைகளைச் செய்விக்கின்றனர்.

இத்தகைய ஊழியர் என்ன செய்கிறார்? அவர் பெட்டியிலுள்ளவை பெரும்பாலும் விலையுயர்ந்தவை அல்ல. கண்ணாடித் தம்ளர், காந்தம், பூதக்கண்ணாடி, டார்ச்சு விளக்கு, பலூன் இவையே போதும். தம்ளர் நீரில் சில துளி பாலைக் கலந்து, இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து விளக்கொளியைச் செலுத்தினால், பக்கவாட்டில் பார்ப்பவனுக்கு நீர் சற்றே நீலமாகவும், எதிரே நின்று பார்ப்பவனுக்கு விளக்கு செம்மஞ்சளாகவும் தோன்றும். பகல் வானம் நீலமாயும் அஸ்தமன சூரியன் சிவப்பாயும் இருப்பதன் காரணம் இவ்வாறு ஒரு தம்ளருக்குள் அடங்கிவிடுகிறது.

கணக்குப் பாடத்துக்குக் கருவியே வேண்டுவதில்லை. மூன்றடிக் குச்சியை வெயிலில் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலும் மூன்றடியாகும் வேளையில் கொடிமரத்தின் நிழலை அளந்தால், நிழலின் நீளமே கொடிமரத்தின் உயரம். 1987-ல் பூர்த்தியான ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, அது எவ்வாறு அளக்கப்படலாம் என்பதையும் இனி அறிவான். கோபுரத்தின் அடி அகன்றிருப்பதால், நிழலின் நுனியிலிருந்து சுவர் வரை அளந்தால் கணக்குப் பிழைக்கும். நடுப்புள்ளி வரை அளக்கவேண்டும். ஏன் என்று பிள்ளைகளே வாதாடிக் கண்டுபிடிப்பதுதான் பாடம்.

எல்லாவற்றிலும் கிராமத்துக்கு மிக முக்கியமான சோதனை மணல் தட்டுச் சோதனை. அகன்ற தட்டொன்றில் ஆற்று மணலைப் பரப்பி, ஓர் ஓரத்தைச் சிறிது உயர்த்தி, நீரூற்றி, நடுவில் விரலால் குழி தோண்டவேண்டும். குழியில் நீர் ஊறும். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவில் கிணறுகள் ஊறும் விதம் அதுவே என்று பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். பிறகு மேட்டுப் பக்கத்தில், குழிக்கு ஒரு சாண் தூரத்தில், சிறிது நீலச்சாயத்தை ஊற்றி, குழியிலுள்ள நீரைக் கரண்டியால் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். சற்று நேரத்தில் குழிநீரில் நீலம் தோன்றும். அந்தச் சாயம் வீட்டுக் கழிவுக்குழியின் நீரானால் என்னவாகும் என்று ஊழியர் கேட்கிறார். வகுப்பு சற்று நேரம் மௌனமாகிவிடும். அன்று மாலை எந்தக் குழந்தையாவது வீட்டில், “நம் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எத்தனை அடி தூரம்?” என்று கேட்டால், அதைக் கோபித்து அடக்காதீர்கள். நூறு துண்டுப் பிரசுரங்களால் ஆகாத காரியம் அந்த ஒரு கேள்வியால் ஆகக்கூடும்.

இத்தொழிலில் ஓர் அபாயமும் உண்டு. சோதனை வேடிக்கையாகிவிடலாம். செப்பிடுவித்தைக்காரன் தன் இரகசியத்தை மறைத்துக் கைதட்டல் பெறுகிறான். விஞ்ஞான ஊழியரோ இரகசியத்தை உடைத்துக் காட்டுவதற்கே வருகிறார். ஆகையால் நல்ல ஊழியர் விடையை முதலில் சொல்வதில்லை. “என்ன நடக்கும்?” என்று கேட்டுப் பல விடைகளையும் கரும்பலகையில் எழுதிய பின்னரே சோதனையைத் தொடங்குகிறார். பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும் பெண் குழந்தையின் கையிலும் தம்ளரைக் கொடுக்கிறார். எதிர்பார்த்தது நடவாமற்போனால் மறைப்பதில்லை. காரணத்தைத் தேடும்படி பிள்ளைகளையே ஏவுகிறார்.

ஊழியர் வந்து போகிறவர். பள்ளிக்கூடமும் ஊரும் நிலைத்திருப்பவை. ஆகவே ஊரார் செய்யவேண்டியவை சில உண்டு. பள்ளியில் பூட்டுள்ள ஓர் அலமாரியை ஏற்படுத்தி, எளிய சாமான்களைச் சேர்த்துவைக்கவேண்டும். ஊழியர் செய்வித்த சோதனையை ஒரு வாரத்துக்குள் உள்ளூர் உபாத்தியாயர் மறுபடி செய்விக்கவேண்டும். தச்சர், கொல்லர், கிணறு வெட்டுவோர் ஆகியோரைப் பள்ளிக்கு அழைத்து, அவர்கள் கைத்தொழிலிலுள்ள நுட்பங்களைப் பிள்ளைகள் முன் சொல்லச்செய்யவேண்டும். நெருப்பும் கண்ணாடியும் சேர்ந்த சோதனைகளில் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.

விதைத்தவன் ஒரு நாள் வந்து போவான். நீர் பாய்ச்சவேண்டியவர்கள் ஊரிலுள்ளவர்களே. மணல் தட்டில் கண்ட உண்மையைக் கொண்டு ஒரு கிணறு காப்பாற்றப்படுமானால், அதுவே அந்த ஊழியருக்கு ஊரார் அளிக்கக்கூடிய சிறந்த மரியாதையாகும்.