பெயர் அறிந்த காடு



குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அதைப் படிப்பிக்கையில் வகுப்பில் கொட்டாவிகள் எழுவது வழக்கம். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவன் மாத்திரம், "சேர், இதுல எத்தனை எங்க காட்டுல நிக்குது?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் எங்களைச் சிங்கராஜ வனத்துக்கு அழைத்துச் சென்றது.

கலவானை வழியாகக் குடாவ வாயிலை அடைந்தோம். காலிலே சவர்க்காரம் பூசியிருந்தோம். அட்டைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. வழிகாட்டி அயற்கிராமத்துச் சிங்களப் பெரியவர். ஒரு கொடியைத் தொட்டு "வெனிவெல்" என்றார். நமது மருந்துக் கடைகளில் மரமஞ்சள் என்று விற்கப்படுவது அதுவே. பிறகு கித்துள். பாளையைச் சீவி, வடியும் இனிய நீரைக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் செய்யும் முறையை அவர் விளக்கத் தொடங்க, மாணவன் சிங்களத்திலேயே மீதியைச் சொல்லி முடித்தான்! தமிழ்நாட்டில் இதைக் கூந்தற்பனை என்பர். பூங்கொத்து விரித்த கூந்தலாகவே தொங்குகிறது. அந்தப் பெயரை அவன் அன்றுதான் கேள்விப்பட்டான்.

1970களில் ஒட்டுப்பலகைக்காக இங்கே மரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் எதிர்ப்பினால் 1977இல் அது நின்றது. 1988இல் யுனெஸ்கோ இவ்வனத்தை உலக மரபுரிமையாக ஏற்றது. இங்குள்ள மரவகைகளில் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டவை இலங்கைக்கு மட்டுமே உரியவை. ஆகவே கபிலரின் பட்டியலில் அவற்றைத் தேடுவதிற் பயனில்லை.

வனத்தின் மரபைப் பேசுவோர் கித்துள் சீவும் கிராமத்தவரைப் போற்றுகின்றனர், அது நியாயமே. தோட்டத்து மக்களோ காட்டை அழித்த தேயிலையின் நிழலாக மட்டுமே அக்கதையில் வருகின்றனர். 1840ஆம் ஆண்டின் சட்டத்தால் காடுகளை முடிக்குரியதாக்கித் துரைமாருக்கு விற்றது ஆங்கில அரசு. கத்தி பிடித்த கூலிக்கு அதிலே என்ன தீர்மானம் இருந்தது? லயத்துக்குப் பின்னாலுள்ள காட்டில் எந்தத் தழை காய்ச்சலுக்கு, எது புண்ணுக்கு என்று மாணவனின் பாட்டிக்குத் தெரியுமாம். அதை எந்த ஏட்டிலும் யாரும் எழுதிவைக்கவில்லை.

மாணவன் கொப்பியிலே மூன்று நிரல்கள் கீறினான்: சிங்களப் பெயர், தோட்டத்துப் பெயர், நூலிலுள்ள பெயர். முதலாவது நிரம்பிவிட்டது, மற்றவை பாதிக்கு மேல் வெறுமை. அடுத்த பயணத்துக்குப் பாட்டியும் வருகிறார். அட்டைக்கடிக்கு அவர் அஞ்சுபவரல்லர். கொழுந்து பறித்த கால்கள் அவை.