கூரையும் சுவரும் கூடும் இடம்

தாழ்வாரத்தில் மழைநீர் சொட்டினால், தலைக்கு நேர்மேலுள்ள ஓட்டையே குற்றவாளியாகக் கருதுகிறோம். நான் பார்த்த வீடுகள் பலவற்றில் குற்றம் அதனிடம் இல்லை. தாழ்வாரக் கூரையின் உச்சி வீட்டுச் சுவரில் முட்டுமிடத்தில் புகுந்த நீர், கைமரத்தின் வழியே ஊர்ந்து வந்து, தனக்கு வசதியான இடத்தில் சொட்டுகிறது.

1865-இல் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கிய ஆலையின் வழியே பரவிய ஓடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்; சுவரைக் கவ்வ அவற்றால் இயலாது. அந்த இடைவெளியில் கொத்தனார் சிமெண்டுச் சாந்தை அப்பிவிடுகிறார். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், சுவரோ அசையாது. நாளடைவில் சாந்தில் மயிரிழை விரிசல் காண்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அதனுள் நீர் ஏறுகிறது. சுவருக்குள் பதிந்த கைமரத்தின் முனை, வெளியே ஒன்றும் தெரியாமலே, கையால் பிட்டெடுக்கும்படி உளுத்துவிடுகிறது. ஒருநாள் கூரையே சரியலாம்.

ஒட்டுவதைவிட மூடுவதே முறை என்பேன். நாகத் தகரத்தின் மேல்விளிம்பை மடித்துச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகி, காடியை மட்டும் சாந்தால் அடைக்கவேண்டும். கீழ்விளிம்பு ஓட்டின்மேல் தாராளமாகப் படிந்து, ஒட்டாமல் கிடக்கட்டும்; கூரை அசைந்தாலும் மூடி பிளவாது. தகரத் துண்டுகள் சேருமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று நான்கு விரற்கடையாவது ஏறியிருக்கவேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்பே, புரட்டாசியில், பெரியவர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஏறிப் பாருங்கள். ஓட்டின்மேல் கால் வைக்கவேண்டாம். தேங்கிய சருகை அகற்றுங்கள். காடிச் சாந்து உதிர்ந்திருந்தால் மீண்டும் அடையுங்கள். துருப்பிடித்துத் துளை விழுந்த தகரத்தின்மேல் தார் பூசுவது வீண்செலவு, அத்துண்டை மாற்றிவிடுங்கள்.