சக்கரம் தரையில் இருக்க வேண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போகாதே" என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னார். என் ஆபீஸ் வேலையைப் பற்றிப் பேசினால் ஐந்தாவது நிமிஷத்தில் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போய்விடுவீர்கள். அதனால் என் வண்டியைப் பற்றிப் பேசுகிறேன்.

2009-இல் மெக்கானிக்கல் முடித்தவன் நான். இப்போது அமெரிக்காவில், அரிசோனாவில் வேலை. வாசலில் 1985-ஆம் வருஷத்து டொயோட்டா பிக்கப் ஒன்று நிற்கிறது. என்னைவிட மூன்று வயது மூத்தது. ஏன் இந்தக் கிழட்டு வண்டி என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் விற்ற டொயோட்டா ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புகளில் 1979 முதல் 1985 வரைதான் முன்பக்கமும் ஒரே தண்டாக ஆக்ஸில், அதற்கு லீஃப் ஸ்பிரிங். 1986 மாடலில் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டது. ரோட்டில் அது சுகம். பாறையில் ஏறுகிறவர்களுக்குப் பழையதுதான் வேண்டும். ஒரே தண்டு என்பதால் தராசு மாதிரி, ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது மற்றது கீழே அமுங்கித் தரையைப் பிடிக்கும்.

வண்டி வாங்கியதும் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். உயரம் பார்க்க நன்றாயிருக்கிறது என்று ஐந்து அங்குலம் தூக்கும் கிட் ஒன்றை வாங்கி, ஒரு சனி ஞாயிறில் நானே மாட்டினேன். வில் மாதிரி நன்றாக வளைந்த தடித்தடிப் பட்டைகள். லீஃப் ஸ்பிரிங்கை நம் ஊர் லாரிப் பட்டறைகளில் பட்டை என்றுதானே சொல்வோம். வண்டி ஜம்மென்று நின்றது. போட்டோ எடுத்து இங்கே இருக்கும் சிலருக்கு அனுப்பினேன். "என்னடா, ஏணி வெச்சுதான் ஏறணுமா?" என்று பதில் வந்தது. அதுவே எனக்குப் பெருமையாக இருந்தது!

ஆனால் பாருங்கள், ஆக்ஸிலுக்கு நடுவே தொங்குகிற டிஃபரன்ஷியல் ஒரு நூல்கூட உயரவில்லை. ஸ்பிரிங் தூக்குவது பாடியைத்தான், ஆக்ஸிலை அல்ல. ஆக்ஸிலை உயர்த்துவது டயர் மட்டும்தான். 31 அங்குல டயரைக் கழற்றி 33 போட்டால் கிடைப்பது ஒரே ஒரு அங்குலம். ஆக, பாடியைத் தூக்குவது எதற்கு? பெரிய டயர் மேலே போய் மட்கார்டில் இடிக்காமல் இருக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். உயரம் என்பது கொடுக்கிற விலை, வாங்குகிற பொருள் அல்ல. இது எனக்குப் புரிய ஒரு மலைப்பாதை தேவைப்பட்டது.

யூட்டாவில் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஷேஃபர் டிரெயில் என்று ஒரு மண் பாதை. செங்குத்தான பாறைச் சுவரில் கொண்டை ஊசி வளைவுகளாக ஆயிரம் அடிக்கு மேல் இறங்கும். 1950-களில் யுரேனியத் தாது ஏற்றிய லாரிகள் ஓடிய வழி. நானும் மனைவியும், நடுவில் ஐந்து வயது மகளும் இறங்கிக்கொண்டிருந்தோம். லோ ரேஞ்சில் போடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியது என் தப்பு, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பாதி தூரத்தில், "ஏங்க, ஏதோ கருகுற வாசனை வருதே" என்றார் மனைவி. அடுத்த வளைவுக்கு முன் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று.

வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மலை. முதல் கியருக்கு இழுத்துப் போட்டு, இடது பக்கம் ஒடித்து, மண்சுவரில் உரசி நிறுத்தினேன். மட்கார்டு நசுங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மகள் மட்டும், "அப்பா, ஏன் இங்க பார்க் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

இறங்கிப் பார்த்தால் முன் டிஸ்க் இரண்டிலும் புகை. பின் டிரம்மில் பயந்துகொண்டே கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. பின் பிரேக் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை.

காரணம் ஒரு சின்னக் கம்பி. இந்தப் பிக்கப்பில் சேஸிஸில் ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்ஸிலுக்குப் போகும். பாரம் ஏற்றினால் சேஸிஸ் தாழும், ஆக்ஸிலுக்கும் அதற்கும் இடைவெளி குறையும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். வண்டி காலியாக இருந்தால் பின் சக்கரம் லாக் ஆகிவிடக்கூடாது என்று அழுத்தத்தைக் குறைக்கும். நான் ஐந்து அங்குலம் தூக்கினேனா, வால்வுக்கு என்ன தெரியும்? வண்டி காலி, அதுவும் மகா காலி என்று நினைத்துக்கொண்டது. கம்பியை ஆக்ஸிலில் பிடிக்கும் இடத்தை, தூக்கிய அளவுக்கு ஒரு பிராக்கெட் வைத்து உயர்த்தியிருந்தால் போதும். உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு! நான் வைக்கவில்லை.

அதற்கு அப்புறம் மூன்று மாதம் மனைவி அந்த வண்டியில் ஏறவில்லை. "விக்கறீங்களா, இல்ல ஒழுங்கா பண்றீங்களா?" என்றார். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், சரிபார்த்துக்கொள்ளலாம்.

சரி என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். சஸ்பென்ஷன் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்று அளக்க ஒரு வழி உண்டு. 20 டிகிரி சாய்வுப் பலகையில் ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஏற்ற வேண்டும். வேறொரு சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் வரை எத்தனை அங்குலம் ஏறியது என்று பார்த்து, வீல்பேஸால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்க வேண்டும். என் வண்டிக்கு வீல்பேஸ் 103 அங்குலம். பழைய ஸ்பிரிங்கில் 41 அங்குலம் ஏறியதாகக் குறித்து வைத்திருந்தேன், அதாவது 398. ஐந்து அங்குலக் கிட்டோடு 37 அங்குலம்தான், 359. காசு கொடுத்து வண்டியைக் கெடுத்திருக்கிறேன்!

ஏன் என்பது மூன்றாம் வருஷத்தில் இங்கே படித்ததுதான். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மூன்றாம் மடிக்கு நேர் விகிதம், நீளத்தின் மூன்றாம் மடிக்கு எதிர் விகிதம். பரீட்சையில் இந்தச் சூத்திரத்தை எழுதி மார்க் வாங்கினேன். கையில் ஸ்பேனரை எடுத்ததும் மறந்துவிட்டேன். நீளத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் விறைப்பு கால் பங்கு குறைகிறது. கனத்தை 8 மில்லிமீட்டரிலிருந்து 6 ஆக்கினால், நான்கு தடித்த பட்டை தாங்கியதைத் தாங்க ஒன்பது, பத்து மெல்லிய பட்டை வேண்டும். ஆனால் மெல்லிய பட்டை அதே வளைவுக்குக் குறைந்த ஸ்ட்ரெஸ்தான் வாங்கும். நிறைய வளையும், சீக்கிரம் தொய்யாது.

ஆகவே கிட்டைக் கழற்றினேன். பின்பக்கத்துக்குக் காயலான் கடையிலிருந்து ஷெவர்லே பிக்கப்பின் 63 அங்குல நீளப் பட்டை. அது பெரிய வண்டிக்கானது, அதனால் இரண்டு பட்டையை உருவிவிட்டேன். முன்பக்கத்துக்கு டொயோட்டாவின் பின் பட்டை, பிராக்கெட்டை முன்னே நகர்த்தி வெல்டு வைத்தேன். மொத்தத்தில் உயர்ந்தது மூன்று அங்குலம்தான். நீளமான மெல்லிய பட்டைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு பட்டை ‘எஸ்’ மாதிரி வளையும். அதைத் தடுக்க ஒரு டார்க் கம்பி போட வேண்டியிருந்தது. ஸ்டியரிங் கதை தனி, அதை ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

இந்தத் தடவை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு முழு நாள் அளப்பதற்கே செலவழித்தேன். ஒரு சக்கரத்தை முழுக்க மேலே தள்ளி, எதிர்ச் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாக் அப்சார்பர் நீளம் பத்துமா, டயர் எங்கே இடிக்கிறது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் கழன்று வருமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹோஸ் இரண்டு அங்குலம் பத்தவில்லை, நீளமாக மாற்றினேன். அந்த உள்ளங்கை அளவு பிராக்கெட்டை முதல் வேலையாக வைத்தேன். காலி மைதானத்தில் பிரேக் அடித்துப் பார்த்த பிறகுதான் ரோட்டுக்கு எடுத்தேன். பலகையில் ஏற்றினால் 58 அங்குலம், 563.

போன அக்டோபரில் மூவரும் மறுபடி ஷேஃபர் இறங்கினோம். லோ ரேஞ்ச், முதல் கியர், பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை. அடிவாரத்தில் நிறுத்தி நான்கு சக்கரத்திலும் கை வைத்துப் பார்த்தேன். முன்னால் நல்ல சூடு. பின் டிரம் இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. "என்னங்க, கையைச் சுட்டுக்கிட்டு சிரிக்கிறீங்க?" என்று கேட்டார் மனைவி.

ஸ்டியரிங் கதை வேண்டும் என்பவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருங்கள்.