அப்பன் வைத்த பாக்கி

(தலைப்பு: பொருளாதார வாழ்வில் பெரிதும் ஏமாந்தவர்கள் பெரியவர்களா, இளையவர்களா? ‘இளையவர்களே’ என்ற அணியில் பேசியது.)

 எனக்கு முன்னால் பேசி, பாதிப் பேரை அழ வைத்துவிட்டு, இப்போது சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணாச்சி அவர்களே! 

நான் சீயமங்கலத்துக்காரன். தேசூர் பக்கம். மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து ‘அவனிபாஜன பல்லவேசுவரம்’ என்று சிவனுக்குக் கோயில் கட்டினானே, அந்த ஊர். ஆயிரத்து நானூறு வருஷமா எங்க ஊர்ச் சாமிக்குச் சொந்த வீடு இருக்குங்க. எங்க ஊர்ப் பையனுக்குத்தான் இல்லை. (சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னாரு? ‘எங்க காலத்துல சைக்கிள் உண்டா, லேப்டாப் உண்டா? இவங்களுக்கு எல்லாம் இலவசம், இவங்களா ஏமாந்தவங்க?’ன்னு கேட்டாரு. ஐயா, லேப்டாப் கொடுத்தது உண்மை, 2011-ல் தொடங்கினாங்க. பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் 2022-லிருந்து, பையன்களுக்கு 2024-லிருந்து. எல்லாம் வாஸ்தவம். ஆனா பந்தியில உட்கார வைக்கிறதுக்கு முன்னாடி கை கழுவத் தண்ணி ஊத்தினதையே விருந்துன்னு கணக்கு எழுதலாமா? இலை எங்கே? சோறு எங்கே?

செஞ்சிக் கோட்டையைப் பார்த்துக்கிட்டே பேசறோம். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமா அறிவிச்ச கோட்டை. ரொம்பப் பெருமை. இந்தக் கோட்டைன்னாலே நமக்கு யாரு ஞாபகம் வரும்? தேசிங்கு ராஜா. 1714-ல் செத்தாரு. வயசு இருபத்திரண்டு என்கிறாங்க. எதுக்காகச் செத்தாரு? நாம கதைப்பாட்டு கேட்டு, குதிரையை ஞாபகம் வச்சிருக்கோம், கல்யாணப் பந்தலிலிருந்து ஓடிவந்த நண்பன் மகமத்கானை ஞாபகம் வச்சிருக்கோம். சண்டை எதுக்குன்னு மறந்துட்டோம். அப்பா சொரூப்சிங் ஆற்காட்டு நவாபுக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கட்டாம பாக்கி வச்சுட்டுக் கண்ணை மூடிட்டாரு. பாக்கி எங்கேன்னு நவாபு சாதுல்லாகான் மகன் கழுத்தைப் பிடிச்சாரு. அப்பன் வைத்த பாக்கிக்கு மகன் உயிரைக் கொடுத்தான், நடுவர் அவர்களே! (கைதட்டல்)

இது பழங்கதையா? 2021 ஆகஸ்டில் தமிழக நிதியமைச்சர் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் அரசுக்கடன் என்றார். அந்தக் கடன் பத்திரத்துல தொட்டில்ல கிடக்கிற குழந்தை கையெழுத்துப் போட்டுச்சா? இன்னிக்குப் பிறக்கிறவன் எல்லாம் சின்னச் சின்னத் தேசிங்குங்க.

சரி, சம்பளத்துக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிக்கணும்.

ஒரு பள்ளிக்கூடம். ரெண்டு இடைநிலை ஆசிரியர். ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே ‘அம்மா ஆடு இலை ஈ’. ஒருத்தர் 2009 மே 31-க்குள்ள வேலைக்குச் சேர்ந்தவர். ஊதியக்குழு வந்தப்ப அவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். இன்னொருத்தர் மறுநாள், ஜூன் 1-ஆம் தேதியோ அதுக்குப் பிறகோ சேர்ந்தவர். அவருக்கு 5,200. ஒரு ராத்திரி வித்தியாசம், 3,170 ரூபாய்! அந்த ஒரு ராத்திரியில இவரு படிச்ச தமிழ் மறந்துபோச்சா? ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ கேட்டு 2018-லயும் 2022-லயும் சென்னையில் உட்கார்ந்து, உண்ணாவிரதம் இருந்து, மயங்கி விழுந்தவங்க இவங்கதான். அடிப்படையில விழுந்த ஓட்டை அதோட நிக்காதுங்க. அகவிலைப்படி அதுலதான் கணக்கு, வீட்டுவாடகைப்படி அதுலதான் கணக்கு. வருஷா வருஷம் அந்த ஓட்டை பெரிசாகும்.

அதுக்கும் முன்னாடி இன்னொரு தேதி இருக்கு. 2003 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம்னு நான் சொல்லலை, காலண்டர் சொல்லுது. (சிரிப்பு) அதுவரைக்கும் அரசு வேலைக்கு வந்தவருக்குப் பிடித்தம் இல்லாமலேயே ஓய்வூதியம். அன்னிக்கோ அதுக்கப்புறமோ வந்தவருக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து அதுல பத்துச் சதவீதம் மாசாமாசம் பிடித்தம், கடைசியில எவ்வளவு வரும்னு உறுதி கிடையாது. 2026 ஜனவரியில் கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதின்னு ஒரு திட்டத்தை அரசு அறிவிச்சுது. சந்தோஷம். அதுலயும் பத்துச் சதவீதம் ஊழியர் கட்டணும். மூத்தவர் கட்டாத பணத்தை இளையவர் கட்டித்தான் வாங்கணும்.

நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். 2003-லயும் 2009-லயும் வேலையில இருந்தவங்க மேல அரசு ஏன் கை வைக்கலை? சங்கம் இருந்தது, கொடி இருந்தது, வேலைநிறுத்தம் பண்ணுவாங்க. அப்போ யார் தலையில கட்டினாங்க? இன்னும் உள்ளே வராதவன் தலையில! அவனுக்குச் சங்கம் இல்லை, பஞ்சாயத்துல இடமில்லை. பாதிப் பேர் அப்போ அரை டவுசர் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல இருந்தான். அவன் இல்லாத நேரத்துல அவன் சொத்தைப் பாகம் பிரிச்சாங்க, நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

அப்புறம் 2020-ல் ஓய்வு வயசு 58-லிருந்து 59, அடுத்த வருஷமே 60. முதல் பந்தியில பாயசம் வரைக்கும் சாப்பிட்டவங்க எழுந்திருக்கிற நேரத்துல, ‘இன்னும் கொஞ்சம் உட்காருங்க’ன்னு சொன்னா, கொட்டகைக்கு வெளியே நிக்கிறவன் கதி என்ன?

‘கவர்மெண்டு வேலை எத்தனை பேருக்கு? அதை விடுய்யா’ என்பீங்க. விடறேன். என் அண்ணன் மகன் ஒரு கம்பெனியில ஒப்பந்தத் தொழிலாளி. பேர் வேண்டாம். ஒரு அறையில எட்டுப் பேர்; பகல் ஷிப்டுக்காரன் எழுந்தா, ராத்திரி ஷிப்டுக்காரன் அதே பாயில படுக்கணும். பாய் ஆறவே ஆறாது. வருமான வரி கட்டற சம்பளம் இல்லை. ஆனா போன் ரீசார்ஜுக்குப் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி கட்டறான். அறுபது தாண்டினவருக்குப் பழைய வரி முறையில மூணு லட்சம் வரைக்கும் விலக்கு, எண்பது தாண்டினா அஞ்சு லட்சம். ரீசார்ஜுக்கு வயசுச் சலுகை உண்டா?

அவனுக்கு ஊர்ல ஒரு மனை வாங்க ஆசை. எங்க பக்கம் மல்லாட்டை விளைஞ்ச கொல்லையெல்லாம் இப்போ மஞ்சக் கல்லு நட்டு, கலர்க் கொடி கட்டி நிக்குது. எங்கப்பா அந்தக் காலத்துல நத்தத்துல நாலு மூங்கில் நட்டாரு, வீடு ஆச்சு. இவன் பத்து லட்சத்துக்கு மனை வாங்கினா, முத்திரைத்தீர்வை ஏழும் பதிவுக்கட்டணம் ரெண்டும் சேர்த்துத் தொண்ணூறாயிரம் முதல்ல எடுத்து வைக்கணும். பொம்பளைப் பேர்ல வாங்கினா ஒரு சதவீதம் குறையும்னு 2025-ல் சலுகை வந்திருக்கு. பொண்ணு பார்க்கப் போனா, ‘மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு உண்டா?’ன்னு கேக்கிறாங்க. கல்யாணம் ஆனாத்தான் சலுகை, வீடு இருந்தாத்தான் கல்யாணம்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி அம்மையார் ஒரு பாட்டியைப் பத்திச் சொன்னாங்க. கேட்டு என் கண்ணும் கலங்கிச்சு, மறைக்க விரும்பலை. முதியோர் உதவித்தொகை 1962-ல் இருபது ரூபாயில தொடங்கினது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆச்சு. அதுல எண்பது வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு மத்திய அரசு பங்கு வெறும் 200, அது பல வருஷத்துக்கு முன்னாடி வச்ச கணக்கு. நாத்து நட்டு முதுகு வளைஞ்ச அந்தப் பாட்டி ஏமாந்தவதான். ஆனா அம்மா, பாட்டியை ஏமாத்தினது பேரன் இல்லையே! பாட்டிக்கு நடந்ததுதான் பேரனுக்கும் நடக்கப் போகுது. கம்பெனி வேலைக்காரனுக்கு வருங்கால வைப்புநிதியில குறைந்தபட்ச ஓய்வூதியம்னு 2014-ல் வச்சது ஆயிரம் ரூபாய். பாட்டிக்குக் கிடைக்கிறதைவிட இருநூறு கம்மி! மாசாமாசம் பிடிச்சுக் கொடுத்தவனுக்குக் கம்மி. இதுக்கு என்னங்க பதில்?

கடைசியா ஒண்ணு. 2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பார்த்துக்கணும்னு சொல்லி எழுதி வாங்கின சொத்துக்குப் பிள்ளை சோறு போடலைன்னா, கோட்டாட்சியர்கிட்ட மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தையே ரத்து பண்ணலாம். நல்ல சட்டம், நான் ஆதரிக்கிறேன். ஆனா மூத்த தலைமுறை எழுதிவச்ச 2003, 2009 பத்திரங்களை ரத்து பண்ண, என் அண்ணன் மகன் எந்தக் கோட்டாட்சியர்கிட்டப் போவான்? தீர்ப்புச் சொல்லும்போது இதுக்கும் ஒரு வழி சொல்லுங்கன்னு கேட்டு, மணி ரெண்டாவது தடவை அடிச்சிட்டதால உட்கார்றேன்.