கடற்படைப் போர் விளையாட்டும் கடலோர மக்களும்

(திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்குமுகம், வலியதுறை, விழிஞ்ஞம், பூவார் என்று இந்நகரத்தை ஒட்டி நீளும் கரை, தெற்கே நீரோடியைத் தாண்டி கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவ ஊர்கள்வரை ஒரே கடற்கரையாகத் தொடர்கிறது. இடையில் மாநில எல்லை வருகிறது, மொழி மாறுகிறது; தொழில் மாறுவதில்லை. இந்தக் கடலைப் பற்றி உலகின் பெரிய கடற்படைகள் எத்தகைய கற்பனைகளை எழுதி வைத்திருக்கின்றன, அவற்றில் இக்கரையின் மக்களுக்கு என்ன இடம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

விளையாட்டும் நடுவரும்

ராணுவ அதிகாரிகள் ‘வார் கேம்’ என்று அழைக்கும் போர் விளையாட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய ராணுவத்தில் உருப்பெற்றது. அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள கடற்படைப் போர்க் கல்லூரி 1887 முதல் இதனை நடத்தி வருகிறது. முறை எளிது. இன்ன ஆண்டில், இன்ன நீரிணையில், இன்ன நாடு தாக்குகிறது என்று முதலில் ஒரு கற்பனைச் சூழல் எழுதப்படும். பிறகு இரு அணிகள் அமர்த்தப்படும். அமெரிக்க வழக்கில் தம் அணி நீலம், எதிரணி சிவப்பு. எதிரிக்கு இந்த நிறம் வாய்த்தது இந்த அவைக்கு வியப்பளிக்காது. ஒவ்வொரு மோதலின் விளைவையும் நடுவர்கள் பகடையாலோ கணினியாலோ தீர்மானிப்பார்கள்.

இதனால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு திட்டத்தின் ஓட்டைகளை உயிர்ப்பலியின்றிக் கண்டறிய இது உதவும். ஆனால், அந்த ஓட்டையை ஒப்புக்கொள்ளும் மனம் விளையாட்டை நடத்துவோருக்கு இருக்க வேண்டும். வரலாறு இதற்கு இரண்டு சான்றுகளைத் தருகிறது.

1942 மே மாதத்தில், மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை ஜப்பானியக் கடற்படை வரைபட மேசையில் ஒத்திகை பார்த்தது. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள்மீது இத்தனை குண்டுகள் விழுந்தன என்று நடுவர் கணக்கிட்டபோது, ஒத்திகையை வழிநடத்திய தளபதி உகாகி அந்த எண்ணிக்கையைக் குறைத்தார். மூழ்கியதாகக் குறிக்கப்பட்ட கப்பலும் அடுத்த கட்டத்தில் மீண்டும் மிதந்தது. ஜூன் மாதம் நடந்த உண்மைப் போரில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின.

இரண்டாவது சான்று நம் காலத்தது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்கா சுமார் 25 கோடி டாலர் செலவில் ‘மில்லேனியம் சேலஞ்ச்’ என்ற மாபெரும் போர் விளையாட்டை நடத்தியது. களம் பாரசீக வளைகுடா. சிவப்பு அணிக்குத் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர், சிறு படகுகளின் கூட்டத்தையும் ஏவுகணைகளையும் கொண்டு, ஒரு விமானந்தாங்கிக் கப்பல் உட்பட 16 போர்க்கப்பல்களை வீழ்த்தினார். உடனே விளையாட்டு நிறுத்தப்பட்டது. மூழ்கிய கப்பல்கள் மிதக்கவிடப்பட்டன. சிவப்பு அணியின் கைகளைக் கட்டும் விதிகள் வந்தன. வான் ரைப்பர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகி, முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார்.

களம் கொடுப்பவர் தரும் விலை

இன்று இத்தகைய கற்பனைகளின் முதன்மைக் களம் தைவான் நீரிணையும் தென்சீனக் கடலும் ஆகும். வாஷிங்டனிலுள்ள சி.எஸ்.ஐ.எஸ். என்ற ஆய்வு மையம், தைவான்மீது சீனா படையெடுப்பதாக ஒரு சூழலை எழுதி, அதனை 24 முறை விளையாடி, 2023 ஜனவரியில் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலான ஆட்டங்களில் படையெடுப்பு முறியடிக்கப்பட்டது. ஆனால், அமெரிக்கா வழக்கமாக இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களையும் 10 முதல் 20 வரையிலான பெரிய போர்க்கப்பல்களையும் இழந்தது. மூன்று வாரங்களில் சுமார் 3,200 அமெரிக்கப் படையினர் மாண்டதாகக் கணக்கிடப்பட்டது. இதிலிருந்து அந்த அறிக்கை கண்ட தீர்வுகளுள் ஒன்று, கப்பல் தாக்கும் ஏவுகணைகளை மேலும் வாங்கிக் குவிக்க வேண்டும் என்பது. அந்த மையத்துக்கு நன்கொடை அளிப்போரில் ஆயுத நிறுவனங்களும் உண்டு என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த அறிக்கையில் இந்தியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. அழிந்த விமானங்களில் மிகப் பெரும்பகுதி வானில் வீழ்த்தப்படவில்லை. தளங்களில் தரையில் நின்றபோதே அழிந்தன. ஜப்பானிலுள்ள தளங்கள் இல்லாமல் அமெரிக்காவால் இந்தப் போரை நடத்தவே இயலாது என்றும், அதனாலேயே அத்தளங்கள் தாக்குதலுக்கு இலக்காகும் என்றும் அந்த விளையாட்டே காட்டுகிறது. பிறர் எழுதிய போருக்குத் தளம் கொடுக்கும் நாடு முதல் அடியை வாங்குகிறது.

மேசையிலிருந்து கடலுக்கு

மேசையில் எழுதப்படும் சூழல் மேசையோடு நின்றுவிடுவதில்லை. கூட்டுப் பயிற்சியாகக் கடலில் இறங்குகிறது. கேரளத்தின் வடகரையின் பெயரான மலபார், அத்தகைய பயிற்சி ஒன்றுக்குச் சூட்டப்பட்டுள்ளது. 1992இல் இந்திய, அமெரிக்கக் கடற்படைகளுக்கிடையே தொடங்கிய இப்பயிற்சி, 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் நின்று, 2002இல் மீண்டும் தொடங்கியது. 2005 ஜூனில் இரு நாடுகளும் பாதுகாப்பு உறவுக்கான புதிய கட்டமைப்பில் கையெழுத்திட்டபின் அதன் தன்மை மாறியது. 2007 செப்டம்பரில் ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகியவையும் சேர, ஐந்து நாடுகளின் போர்க்கப்பல்கள் வங்கக் கடலில் அணிவகுத்தன. ‘நிமிட்ஸ்’, ‘கிட்டி ஹாக்’ ஆகிய இரு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களும் அவற்றில் இருந்தன.

அதற்கு இரு மாதங்களுக்கு முன், 2007 ஜூலையில், அதே ‘நிமிட்ஸ்’ சென்னைக்கு அருகே நங்கூரமிட்டபோது இடதுசாரிக் கட்சிகள் எதிர்ப்பு இயக்கம் நடத்தியதை மூத்த தோழர்கள் நினைவுகூர்வார்கள். செப்டம்பரில் சென்னையிலிருந்து தோழர் பிரகாஷ் காரத் தலைமையிலும் கொல்கத்தாவிலிருந்து தோழர் ஏ.பி.பரதன் தலைமையிலும் புறப்பட்ட பிரச்சாரப் பயணங்கள் விசாகப்பட்டினத்தில் சங்கமித்தன. அன்று எச்சரித்தவை ஒவ்வொன்றாக நடந்தேறின. ஜப்பான் 2015இல் நிரந்தர உறுப்பினராயிற்று; ஆஸ்திரேலியா 2020இல் திரும்பி வந்தது. ‘குவாட்’ அமைப்பின் நான்கு நாடுகளும் பங்கேற்கும் மலபார் பயிற்சி 2021இல் குவாம் அருகிலும், 2022இல் ஜப்பானின் யோகோசுகா அருகிலும், 2023இல் சிட்னி அருகிலும் நடந்தது. பெயர் மலபாரின் பெயர், களமோ பசிபிக்.

இதற்கிடையே 2016இல் தளவாட ஒப்பந்தம், 2018இல் தகவல் தொடர்பு ஒப்பந்தம், 2020இல் புவியிடத் தரவு ஒப்பந்தம் என்று மூன்று அடிப்படை ராணுவ ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. முதல் ஒப்பந்தம் இரு நாடுகளின் கப்பல்களும் மற்றதன் தளங்களில் எரிபொருளும் பொருள்களும் பெற வகை செய்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பலொன்று பழுதுபார்ப்புக்காகச் சென்னையை அடுத்த காட்டுப்பள்ளிக்கு முதன்முறையாக வந்தது. 2024இல் கொச்சிக் கப்பல் கட்டும் தளமும் அமெரிக்கக் கடற்படையுடன் பழுதுபார்ப்பு உடன்பாடு செய்துகொண்டது.

தொழிலாளிக்கு வேலை கிடைப்பது நல்லதல்லவா என்ற கேள்வி தொழிற்சங்கத் தோழர்களிடையே எழக்கூடும். நியாயமான கேள்விதான். கொச்சித் தொழிலாளர்களின் திறமைக்கு ‘விக்ராந்த்’ கப்பலே சாட்சி. அவர்களுக்கு வேலை தர உலகின் வணிகக் கப்பல்களும், நாட்டின் சொந்தத் தேவையும் உள்ளன. மாறாக, ஒரு வல்லரசின் போர்க்கப்பல்கள் வழக்கமாகப் பழுதுபார்க்கப்படும் துறைமுகம், அந்த வல்லரசின் எதிரி வைத்திருக்கும் வரைபடத்தில் ஓர் இலக்காகக் குறிக்கப்படும். இந்த ஆபத்தை எந்த நிர்வாகமும் தொழிலாளிக்குச் சொல்வதில்லை.

நண்பனின் மரியாதை எத்தகையது என்பதையும் காண வேண்டும். 2021 ஏப்ரல் 7 அன்று ‘ஜான் பால் ஜோன்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், லட்சத்தீவுக்கு மேற்கே சுமார் 130 கடல் மைல் தொலைவில், இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்குள் வந்து சென்றது. இந்தியாவின் முன் ஒப்புதலைக் கேட்கவில்லை என்று ஏழாவது கப்பற்படை தானாகவே அறிக்கை வெளியிட்டது. கடல் சட்டத்துக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1995இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா இன்றுவரை ஏற்கவில்லை. இந்திய அரசு தன் கவலையைத் தெரிவித்தது. கூட்டுப் பயிற்சிகள் தொடர்ந்தன.

படகில் இருந்தவர்கள்

வான் ரைப்பரின் சிறு படகுகளுக்கு மீண்டும் வருவோம். 2000ஆம் ஆண்டில் ஏடன் துறைமுகத்தில் ‘கோல்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வெடிமருந்து ஏற்றிய ஒரு சிறு படகு தாக்கியதில் 17 மாலுமிகள் இறந்தார்கள். அதன்பின் நெருங்கிவரும் சிறு படகு எதுவாயினும் ஐயத்துக்குரியது என்பது படைகளின் பயிற்சியில் ஊறிப்போயிற்று.

2012 ஜூலை 16 அன்று துபாய்க்கு அருகே, அமெரிக்கக் கடற்படையின் ‘ராப்பஹானக்’ என்ற எண்ணெய்க் கப்பலிலிருந்தவர்கள் நெருங்கிவந்த ஒரு படகின்மீது சுட்டார்கள். அது மீன்பிடிப் படகு. சுடப்பட்டவர்கள் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன தமிழ்நாட்டு மீனவர்கள். ஒருவர் இறந்தார், மூவர் காயமடைந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் கேரளக் கடலில், ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று கருதி இரு மீனவர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர். மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். சுட்டவர்களை விசாரிக்கும் உரிமை இந்தியாவுக்கு இல்லை என்று பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2020இல் முடிவு செய்தது. 10 கோடி ரூபாய் இழப்பீட்டுடன் 2021இல் உச்சநீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது.

போர் விளையாட்டின் மேசையில் மீனவருக்கு நிறம் இல்லை. அவர் நீலமும் அல்லர், சிவப்பும் அல்லர். ஆகவே கடலில் அவரைக் காணும் துப்பாக்கி, தனக்குப் பழக்கமான நிறத்தை அவர்மீது பூசிக்கொள்கிறது.

கப்பல் மூழ்குவது என்பதும் மேசையில் ஓர் எண் மட்டுமே. 2025 மே மாதத்தில் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற ஒரே ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. போர் இல்லை, குண்டு இல்லை. 24 மாலுமிகளும் மீட்கப்பட்டார்கள். அப்படியிருந்தும் அறுநூறுக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் கடலில் போயின. இந்நகரத்தின் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கின. கேரள அரசு அதனை மாநிலப் பேரிடராக அறிவிக்க வேண்டியதாயிற்று. மீன் வாங்க மக்கள் அஞ்சினார்கள். ஒரு வணிகக் கப்பலுக்கே இந்த நிலை. அணு உலை பொருத்திய இரு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்குவதை ஓர் எண்ணாக எழுதுபவர்கள், அதன்பின் அந்தக் கடலில் வலை வீசப்போவது யார் என்று கேட்பதில்லை.

நமது நிலைப்பாடு

அப்படியானால் சீனாவைப் பற்றிக் கவலையே வேண்டாமா, இந்தியாவுக்குக் கடற்படை வேண்டாமா என்று கேட்பார்கள். தன் கடலைக் காக்கும் வலிமை எந்த இறையாண்மை உள்ள நாட்டுக்கும் வேண்டும், இந்தியாவுக்கும் வேண்டும். தென்சீனக் கடலில் ஸ்கார்பரோ திட்டைச் சுற்றி பிலிப்பைன்ஸ் மீனவர்களின் பாரம்பரிய மீன்பிடிப்பைச் சீனா தடுத்தது சட்டவிரோதம் என்று 2016இல் நடுவர் தீர்ப்பாயம் கூறியது. மீனவரின் உரிமை எங்கு மறுக்கப்பட்டாலும் அதனை மறுப்பு என்றே சொல்ல வேண்டும். அத்தகைய தகராறுகளை அக்கடலோர நாடுகள் பேச்சுவார்த்தையில் தீர்ப்பது ஒரு வழி. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் கப்பற்படை எழுதிய நாடகத்தில் இந்தியா துணைப்பாத்திரம் ஏற்பது இன்னொரு வழி. முதல் வழியே இந்தியாவின் பாதுகாப்புக்கு உகந்தது.

1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது அமெரிக்கா ‘என்டர்பிரைஸ்’ கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பி மிரட்டியது. அதே மாதம் 16ஆம் நாள், இலங்கையின் முன்முயற்சியில், இந்துமாக்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. சாகோஸ் மக்களை வெளியேற்றிவிட்டு அமைக்கப்பட்ட டியகோ கார்சியா தளம் இன்றும் அத்தீர்மானத்தை எள்ளி நகையாடுகிறது. ஆனால் தீர்மானம் இரத்தாகவில்லை. அதனை மீண்டும் கையிலெடுக்க வேண்டிய நாடு இந்தியா.

மூன்று ராணுவ ஒப்பந்தங்களையும் நாடாளுமன்றம் முழுமையாக விவாதிக்க வேண்டும். இந்தியக் கடலில் பிற நாட்டுப் படைகள் மீனவர்மீது சுட்டால் விசாரிக்கும் உரிமையை எந்த உடன்பாட்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கடலில் பயிற்சிகள் நடைபெறும் நாள்களில் தொழிலை இழக்கும் மீனவர்களுக்கு இழப்பீடு வழங்க வேண்டும். இக்கோரிக்கைகளைக் கருத்தரங்குகளில் பேசினால் மட்டும் போதாது. பூவாரிலும் நீரோடியிலும் வலை பின்னும் இடத்தில் அமர்ந்து, மலையாளத்திலும் தமிழிலும் விளக்க வேண்டும். கடலை வரைபடத்தில் பார்க்காமல் நாள்தோறும் நேரில் பார்ப்பவர்கள் அவர்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டு, அதிலிருந்து நம் பிரச்சாரத்தைத் தொடங்குவோம்.